டீச்சரிடம் கேளுங்கள்: சுருளிக்கு ஒரு கிலோமீட்டர்

பேரனோடு சுருளி அருவிக்குப் போய்வந்ததைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், 31 ஆண்டுகள் பள்ளியில் விலங்கியல் நடத்தியபோது இதில் பாதிக் கேள்விகூட வகுப்பில் எழுந்ததில்லையே என்று தோன்றுகிறது. இந்த மாதப் பகுதி முழுவதும் சுருளிதான். சமையல் சந்தேகங்கள் அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"பிள்ளைகளுக்கு வயது 9, 5. கூடவே மூட்டுவலிக்காரரான என் மாமியார். ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும். எங்களால் நடக்க முடியுமா, டீச்சர்?" (வாசகி, திருமங்கலம்)

தாராளமாக முடியும். வனத்துறையின் நுழைவாயிலில் டிக்கெட் வாங்கியதிலிருந்து அருவி வரை சுமார் ஒரு கிலோமீட்டர்தான். பாதை போட்டிருக்கிறார்கள், ஏற்றம் இருப்பதே தெரியாது. அருவியை நெருங்கும்போதுதான் படிகள் வரும். உங்கள் மாமியாருக்குச் சோதனை அந்தப் படிகள்தான். ஏறுவதைவிட இறங்குவதுதான் மூட்டைப் பிடிக்கும். என் கணவரின் அக்காளை அழைத்துப் போனபோது படி தொடங்கும் இடத்தில் ஒரு துண்டை விரித்து உட்காரவைத்தோம். "நான் இங்கேயே இருக்கிறேன், சாரல் காற்று வருகிறது, எனக்கு இது போதும்" என்றார். நாங்கள் குளித்துவிட்டு வருவதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னமனூர்க்காரம்மாவின் குடும்பக் கதை முழுவதையும் கேட்டு முடித்திருந்தார். அன்றைக்கு எங்களில் அதிக லாபம் அவருக்குத்தான்.

நீங்கள் திருமங்கலத்திலிருந்து வருவதால் மதுரைக்குப் போய்ச் சுற்ற வேண்டியதில்லை. உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று ஒரே போக்காக வந்துவிடலாம். சொந்த வண்டி என்றால் சுமார் மூன்று மணி நேரம். கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி வழியாக அருவிக்குப் பத்து கிலோமீட்டர் அளவில் வரும். பஸ் என்றால் மதுரை ஆரப்பாளையம் நிலையத்திலிருந்து கம்பத்துக்கு வண்டிகள் உண்டு. கம்பத்தில் 'சுருளித் தீர்த்தம்' என்று கேட்டு ஏறுங்கள். இங்கே யாரும் அதை 'வாட்டர் ஃபால்ஸ்' என்று சொல்வதில்லை.

ஐந்து வயதுப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு கிலோமீட்டர் என்பது அவனுக்குத் தூரமே இல்லை, அவசரம்தான் தூரம். "வா வா, அருவி போய்விடும்" என்று இழுத்துக்கொண்டு ஓடினால் பாதி வழியில் 'தூக்கு' என்பான். விட்டுவிட்டால் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வான், ஆனால் தானே நடந்து வருவான். காலையில் சீக்கிரம் கிளம்புங்கள் என்று நான் சொல்வது வெயிலுக்காக மட்டுமல்ல, அந்த ஒரு மணி நேரத்துக்காகவும்தான். வாசல் பகலில் மட்டுமே திறந்திருக்கும்.

செருப்பு விஷயத்தில் என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பேரனுக்குப் புத்தம்புது ரப்பர் செருப்பு வாங்கி மாட்டிக் கூட்டிப்போனேன். பாசி படிந்த பாறையில் ஒரு கால் வழுக்கியது, ஒரு செருப்பு ஆற்றோடு போனது. சுருளியாறு முல்லையாற்றோடு சேர்ந்து வைகைக்குப் போகிறது என்று அவனுக்குப் பாடம் நடத்தியிருந்தேன். "அப்படியானால் பாட்டி, என் செருப்பு மதுரைக்குப் போகுமா?" என்று கேட்டுக் கேட்டு அழுதான். வைகை அணையில் நின்றுவிடும் என்று சொல்லித் தேற்றினேன். பின்பக்கம் வார் உள்ள செருப்பாகப் போடுங்கள்.

"எந்த மாதம் போனால் தண்ணீர் இருக்கும்?" (வாசகர், அருப்புக்கோட்டை)

கம்பத்தில் மழை பெய்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் பலர். அந்தக் கணக்கு இங்கே செல்லாது. தென்மேற்குப் பருவக் காற்றை மலை தடுத்துவிடுவதால் கம்பம் பள்ளத்தாக்கு மழை மறைவில் இருக்கிறது. சுருளிக்குத் தண்ணீர் கொடுப்பது மேலே மேகமலைப் பக்கத்துக் காடு. கம்பம் சந்தையில் வெயில் கொளுத்தும். அருவியில் தண்ணீர் முட்டிக்கொண்டு கொட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மலையில் பெய்யும் மழையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமும் இரண்டு தவணையாகக் கொடுக்கின்றன. மழை ஓய்ந்து நாலைந்து நாள் கழித்துப் போனால் தண்ணீர் தெளிந்து, அளவாக இருக்கும். மார்ச் கடைசியில் தொடங்கிக் கோடை மழை வரும்வரை அருவி மெலிந்துவிடும். அப்போதும் நான் போவேன். குளிக்க அல்ல.

இதிலேயே இன்னொன்றும் இருக்கிறது. தலைக்கு மேல் வானம் நீலமாக இருப்பதை நம்பிப் பிள்ளைகளை ஆற்றில் இறக்காதீர்கள். மேலே பெய்த மழை கீழே வந்து சேரச் சிறிது நேரம் பிடிக்கும், வரும்போது ஒரேயடியாக வரும். மூன்று அறிகுறிகளைப் பேரனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்: தெளிந்த தண்ணீர் கலங்கும், சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கும், அருவியின் சத்தம் கனத்துவிடும். இதில் ஒன்று தென்பட்டாலும் துண்டையும் சோப்பையும்கூட எடுக்க நிற்காமல் கரையேற வேண்டும். 'சோப்பு' என்றா எழுதினேன்? சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதையும் அங்கே கொண்டுபோகக் கூடாது. பழைய பழக்கம், கை தானாக எழுதிவிட்டது.

"நாலு மணி நேரம் பயணம் செய்து போனோம். யானை நடமாட்டம் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகள் அழுதுகொண்டே வந்தார்கள். முன்கூட்டியே சொல்லக் கூடாதா?" (வாசகர், சிவகாசி)

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நானும் அதே வாசலில் சண்டை போட்டவள்தான்.

சில ஆண்டுகளுக்கு முன்னால், தம்பி மகள் குடும்பம் சென்னையிலிருந்து வந்திருந்தது. இட்லி, புளியோதரை எல்லாம் கட்டிக்கொண்டு போய் நின்றால், "இன்றைக்கு அனுமதி இல்லை" என்றார் காவலில் இருந்தவர். ஓய்வு பெற்ற ஆசிரியைக்கே உரிய குரலில் அவரிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். எந்தப் பக்கம் யானை, எத்தனை, யார் பார்த்தது, எழுத்துபூர்வமான உத்தரவு எங்கே என்று நான் அடுக்க, அவர் பதிலே சொல்லவில்லை. "டீச்சர், ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள்" என்றார். நிறுத்தினேன். ஆற்றுக்கு அப்பால் மூங்கில் ஒடியும் சத்தம். படார், கொஞ்ச நேரம் அமைதி, மறுபடியும் படார். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. தம்பி மகள் மட்டும், "அத்தை பேசாமல் இருந்து நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்றாள்.

2021 முதல் இந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. யானைக்கூட்டம் தண்ணீருக்கு எப்போது இறங்கும் என்பதை அதற்கு முந்தின நாளே யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் செய்யக்கூடியது ஒன்று: கம்பத்தில் இறங்கிய உடனே டீக்கடையிலோ ஆட்டோ நிறுத்தத்திலோ கேளுங்கள். காலையில் வாசல் திறந்ததா இல்லையா என்பது அங்கே முதலில் தெரிந்துவிடும். வெள்ளம் என்றாலும் இப்படித்தான், குளிக்கத் தடை போடுவார்கள்.

குளிக்க மட்டும்தான் தடை, நடந்துபோய்ப் பார்க்கலாம் என்று சில நாள் விடுவார்கள். அப்போது திரும்பிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆறுவதில்லை. இத்தனை தூரம் வந்துவிட்டு, மர நிழலில் ஒரு கிலோமீட்டர் நடக்கக் கிடைப்பதை 'ஒன்றும் இல்லை' என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறுகிறார்கள்.

அடியோடு அடைத்துவிட்டால் பிள்ளைகளைக் கூடலூர் தாண்டி லோயர் கேம்ப்புக்குக் கூட்டிப்போங்கள். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்குக்கு அங்கே மணிமண்டபம் கட்டியிருக்கிறார்கள். மேற்கே ஓடின ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, 1895இல் இந்தப் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் கொண்டுவந்த கதையை அந்த இடத்தில் நின்று சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள். இந்தப் பக்கத்து வீடுகளில் சாமி படத்தோடு அவர் படமும் மாட்டியிருப்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

"அருவிக்கரையில் என் கையிலிருந்த பையையே குரங்கு பறித்துக்கொண்டது. என்ன செய்யலாம்?" (வாசகி, போடி)

பையை மறந்துவிடலாம். அடுத்த முறை தின்பண்டத்தை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கையில் பாலிதீன் பை சரசரத்தால் குரங்குக்கு அது சாப்பாட்டு மணி. பிள்ளைகளிடம், பல்லைக் காட்டிச் சிரித்து விளையாட்டுக் காட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். குரங்கின் மொழியில் பல்லைக் காட்டுவது சிரிப்பு அல்ல.

"என் மகனுக்குப் போனைத் தவிர எதையும் பார்க்கத் தெரியவில்லை. வழியில் என்ன காட்டினால் அவனுக்குப் பிடிக்கும்?" (வாசகர், விருதுநகர்)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். இதழாசிரியர் கோபித்துக்கொண்டாலும் இதற்குக் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்கிறேன்.

பாதையோரத்தில் மழை படாத மண் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பாறை ஒதுக்கு, சுவரடி, வேர் இடுக்கு எதுவானாலும் சரி. மாவுபோல் நைந்த அந்த மண்ணில் புனல் வடிவத்தில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும், விரல்நுனி அளவு. அதற்குள் இருப்பதுதான் குழிநரி, எறும்பைப் பிடித்துத் தின்னும் ஒரு பூச்சியின் புழு. மகனைக் குந்தவைத்து, ஒரு புல் இதழைக் கொடுத்து, குழியின் விளிம்பை மெல்லத் தடவச் சொல்லுங்கள். நாலு மணல் துகள் உருண்டதும் அடியிலிருந்து யாரோ மண்ணை வாரி மேலே எறிவார்கள். எறும்பு விழுந்துவிட்டது என்ற நினைப்பு! எறும்பு ஏற ஏறக் காலடி மண் சரிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்த எறிதல். உள்ளங்கையில் எடுத்து விட்டால் பின்பக்கமாகவே நடக்கும். இது வளர்ந்து தும்பியைப் போன்ற இறக்கையுள்ள பூச்சியாகப் பறந்து போகும் என்று சொன்னால் உங்கள் மகன் நம்ப மாட்டான். என் மாணவர்களும் நம்பியதில்லை.

அடுத்தது முசுறு. கைக்கெட்டும் உயரத்தில் நாலைந்து பச்சை இலைகளை வெள்ளை நூலால் சேர்த்துத் தைத்த பந்து தொங்கினால் அதைத் தொடாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். சிவப்பு எறும்புகள் வரிசையாக நின்று இலை ஓரத்தைப் பிடித்து இழுக்கும். இன்னொன்று தன் வாயில் ஒரு புழுவைக் கவ்விக்கொண்டு, அதை இந்த ஓரத்திலும் அந்த ஓரத்திலும் மாறி மாறி ஒற்றும். அந்தப் புழு வேறு யாருமல்ல, அவர்கள் வீட்டுப் பிள்ளைதான். வளர்ந்த எறும்புக்கு நூல் சுரக்காது, புழுவுக்குத்தான் சுரக்கும். ஆகவே குழந்தையைப் பசைக் குப்பிபோலப் பிடித்து வீட்டை ஒட்டுகிறார்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டம் இங்கே செல்லாதா என்று ஒரு மாணவன் கேட்டான். இப்போது அவன் வக்கீல்.

ஈர மணலில் வெள்ளையும் மஞ்சளுமாகக் காகிதத் துண்டுகள் கிடப்பதுபோல் தெரிந்தால் ஓடாமல் கிட்டே போகச் சொல்லுங்கள். கொன்னை வெள்ளையன் போன்ற பட்டாம்பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்து மண்ணில் இருக்கும் உப்பை உறிஞ்சிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் எல்லாம் ஆண்கள். குனிந்து பார்த்தால் சுருட்டிவைத்திருந்த உறிஞ்சுகுழலை நீட்டி ஈரத்தில் நுழைத்திருப்பது தெரியும். வியர்த்த கையை அசையாமல் நீட்டிக்கொண்டிருந்தால் ஒன்றிரண்டு கையிலும் உட்காரும். போனைக் கீழே வைக்காமல் இதைச் செய்ய முடியாது என்பதைக் கவனித்தீர்களா?

தலைக்கு மேல் கிளைகள் குலுங்கினால் குரங்கு என்று முடிவு கட்டாதீர்கள். வால் மட்டுமே முழங்கை நீளத்துக்கு மேல் தொங்கினால் அது மலை அணில். முதுகு செம்பழுப்பும் கருப்புமாக, வயிறு வெளுத்து இருக்கும். மூக்கிலிருந்து வால்நுனி வரை மூன்றடி வரும். ஆளைப் பார்த்ததும் கிளையோடு கிளையாக ஒட்டிப் படுத்துக்கொள்ளும். நாம் அசையாமல் நின்றால் அது எழுந்து வேலையைப் பார்க்கும். தண்ணீர் சத்தத்துக்கு நடுவே யாரோ வேலைவெட்டி இல்லாத பையன் சீட்டியடித்துக்கொண்டு திரிவதுபோல் கேட்டால், அது சீகாரப் பூங்குருவி. ராகம் ஒன்றும் முடிவுக்கு வராது. நடுவில் விட்டுவிட்டு மறுபடியும் வேறொன்றைத் தொடங்கும்.

"ஆடி அமாவாசையன்று மாமனாருக்குத் தர்ப்பணம் கொடுக்க சுருளிக்குப் போகிறோம். அன்றைக்கே பிள்ளைகளையும் காட்டில் நடக்கவிடலாம் அல்லவா?" (வாசகி, பெரியகுளம்)

வேண்டாம். ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் பெரியவர்களுக்கான நாள். எங்கே பார்த்தாலும் தலைதான் தெரியும், பிள்ளையைத் தேடுவதே வேலையாகிவிடும். கடமையை அன்றைக்கு முடியுங்கள், பிள்ளைகளை வேறொரு வாரநாளில் கூட்டிப்போங்கள். இன்னொன்று, முடித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டு வராதீர்கள். ஒரு கோடையில் தண்ணீர் வற்றிய இடத்தில் பார்த்தேன், வேரெல்லாம் வேட்டியும் புடவையும் சுற்றிக் கிடந்தன. முன்னோர்களுக்கு அது போய்ச் சேரவில்லை.

"சுருளியையும் கண்ணகி கோயிலையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?" (வாசகர், திண்டுக்கல்)

மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஆண்டில் சித்ரா பௌர்ணமி ஒரு நாள் மட்டும்தான் அனுமதி. நம் பக்கத்திலிருந்து பளியன்குடி வழியாக மலையேற வேண்டும், அது வேறு விதமான நடை. இரண்டையும் சேர்க்காதீர்கள்.

"திரும்பி வரும்போது திராட்சை எங்கே வாங்கலாம்? வாங்கியதும் சாப்பிடலாமா?" (வாசகி, மதுரை)

எங்கே என்று கேட்கவே வேண்டாம், சுருளிப்பட்டியில் சாலையின் இரண்டு பக்கமும் பந்தல்தான். கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கறுப்பாக, தோல் கொஞ்சம் தடித்து, விதையோடு இருக்கும். விதையில்லாத பச்சைத் திராட்சைக்குப் பழகிய பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். இரண்டாவது பழத்தில் சரியாகிவிடுவார்கள். வேறு இடங்களில் பருவத்துக்கு ஒருமுறை காய்ப்பது இங்கே ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடையில் இருக்கும். கொடியிலிருந்து பறித்ததை அங்கேயே வாயில் போடாதீர்கள், மருந்து அடித்திருப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள். பழத்தின் மேல் படர்ந்திருக்கும் சாம்பல் பூச்சு முழுவதும் மருந்து அல்ல, அதில் பழத்தின் சொந்த மெழுகும் உண்டு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

"நீங்கள் அங்கே யானையைப் பார்த்திருக்கிறீர்களா, பாட்டி?" (ஆறாம் வகுப்பு வாசகி, தேனி)

இல்லை, கண்ணு. இத்தனை முறை போயும் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. சத்தம் கேட்டிருக்கிறேன், சாணம் பார்த்திருக்கிறேன். ஒரே ஒருமுறை, மழை விட்ட மறுநாள், பாதையோரச் சேற்றில் காலடி பதிந்திருந்தது. வட்டமாக இருந்ததால் முன்னங்கால். பின்னங்கால் கொஞ்சம் நீளவாக்கில் இருக்கும். உள்ளே ஒரு சொம்புத் தண்ணீர் தேங்கி, அதன் மேல் ஒரு நீர்ப்பூச்சி வழுக்கிக்கொண்டு திரிந்தது. அதற்கு அது குளம்.

முன்னங்காலடியின் சுற்றளவைப் போல இரண்டு மடங்குதான் யானையின் தோள் உயரம், ஏறக்குறைய. அளக்க அன்றைக்கு டேப் இல்லை. இட்லிப் பொட்டலத்தைக் கட்டியிருந்த நூலைப் பிரித்து, நானும் பேரனுமாகத் தடத்தைச் சுற்றி வைத்து, முனையில் முடிச்சுப் போட்டுக்கொண்டோம். வீட்டுக்கு வந்து அளந்தால் 51 அங்குலம். அப்படியானால் எட்டரை அடி. பேரன் நாற்காலி மேல் ஏறி, எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் அந்த உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டான். வெள்ளையடிக்க வந்தவர்களிடம் அந்த ஒரு சாண் இடத்தை விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.